கண்ணாடியில் நடக்கும் கால்கள்: தண்டுவடக் காயத்துக்குப் பிந்தைய நரம்பு வலி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2010ஆம் ஆண்டு ‘பிரெய்ன்’ என்ற மருத்துவ இதழில் ஸ்பெயினின் பார்சலோனா பகுதியில் நடந்த ஆய்வின் அறிக்கை ஒன்று வெளியானது. தண்டுவடத்தில் அடிபட்டு, அதன் பிறகு தீராத நரம்பு வலியோடு காலம் தள்ளிவந்த 39 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, உடலின் கீழ்ப்பாதி தெரிய வேண்டிய இடத்தில் வேறொருவரின் கால்கள் நடக்கும் காட்சியைத் திரையில் ஓட்டினார்கள். கூடவே தலையில் மெல்லிய மின்னோட்டம். இரண்டே வாரச் சிகிச்சை. இரண்டையும் சேர்த்துப் பெற்ற குழுவுக்கு மற்றவர்களைவிட வலி கூடுதலாகக் குறைந்தது. 12 வாரங்கள் கழித்துக் கேட்டபோது அந்தக் குழுவில் மட்டும்தான் பலன் மிஞ்சியிருந்தது.

இந்தச் செய்தியைக் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி இதைக் கண்கட்டு வித்தை என்று ஒதுக்குகிறது. மறு கட்சி, இனி மாத்திரையே வேண்டாம் என்று துள்ளுகிறது. இரண்டு பேருமே அறிக்கையை முழுதாகப் படித்தவர்கள் அல்லர் என்பது என் எண்ணம். இந்த ஆய்வை அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால் நடந்த ஒரு சோதனையோடும், மூன்று ஆண்டுகள் பின்னால் சிட்னியில் தோற்றுப்போன இன்னொரு சோதனையோடும் சேர்த்து வைத்தால்தான் அதன் உண்மையான எடை தெரியும். அதற்கு முன் அந்த வலியைப் பற்றிச் சில வார்த்தைகள்.

உணர்ச்சியற்ற இடத்தில் வலி

காலில் ஊசி குத்தினால் தெரியாது. சுடுதண்ணீர் கொட்டினாலும் தெரியாது. ஆனால் அதே கால்தான் இரவெல்லாம் எரிகிறது என்கிறார் நோயாளி. மிளகாய் அரைத்துப் பூசியது போல என்பார் ஒருவர். இன்னொருவருக்கு நொடிக்கு நொடி மின்சாரம் பாய்ந்து போகும். வேறொருவருக்கு விலாவைச் சுற்றி இறுக்கமான பட்டை கட்டியது போன்ற பிடிப்பு. “உணர்ச்சியே இல்லாத காலில் வலி எப்படி வரும்?” என்று வீட்டார் கேட்கிறார்கள். மனப்பிரமை என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. கொஞ்ச நாளில் நோயாளி வலியைச் சொல்வதையே நிறுத்திவிடுகிறார். சொல்லாத வலிக்கு யாரும் மருந்து எழுதப் போவதில்லை.

இது மனப்பிரமை அல்ல, அரிதானதும் அல்ல. சிட்னியில் ஃபிலிப் சிடால் குழுவினர் தண்டுவடக் காயம் பட்ட 100 பேரைக் காயத்தின் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து, ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு 73 பேரிடம் மீண்டும் விசாரித்தார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வில் 81 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வலி இருப்பதாகச் சொன்னார்கள். தோள், முதுகு, மூட்டு என்று தசையும் எலும்பும் சார்ந்த வலி 59 விழுக்காட்டினருக்கு. காயம் பட்ட மட்டத்திலேயே நரம்பு வலி 41 விழுக்காட்டினருக்கு. காயத்துக்குக் கீழே, உணர்வு அற்றுப்போன பகுதியில் நரம்பு வலி 34 விழுக்காட்டினருக்கு. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வகை சேர்ந்தே இருக்கலாம்; அதனால்தான் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது.

இந்தப் பிரிவினை வெறும் ஏட்டு விவகாரம் இல்லை. 2012இல் வெளியான பன்னாட்டு வகைப்பாடு, காய மட்டத்து வலி என்பதற்கு எல்லையே வகுத்தது: காயத்தின் நரம்பு மட்டமும் அதற்குக் கீழே மூன்று தோல் பட்டைகளும் (ஒவ்வொரு தண்டுவட நரம்பும் உணர்வு தரும் தோல் பகுதி ஒரு பட்டை). அதற்கும் கீழே தோன்றுவது காயத்துக்குக் கீழான வலி. காய மட்டத்தில் நசுங்கிய நரம்பு வேர்களும் தண்டுவடத்தின் சேதமடைந்த ஓரமும் வலிக்கு ஊற்றாக இருக்க முடியும். கீழே உள்ள வலியில் மூளையின் பங்கு பெரிது. வலியையும் வெப்பத்தையும் மேலே கொண்டுசெல்லும் தண்டுவடப் பாதை அறுபட்டதும், அந்தச் செய்திகளுக்காகவே மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியின் செல்கள் வரவு இல்லாமல் தாமாகவே துடிக்கத் தொடங்குகின்றன. தண்டுவடத்துக்குள் நரம்புத் துடிப்பை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் பிடி தளர்கிறது. மூளையின் மேலடுக்கான புறணியில் உடலின் வரைபடமும் இடம் மாறுகிறது. சிட்னியைச் சேர்ந்த பால் ரிக்லி குழுவினர் 2009இல் எடுத்த மூளைப் படங்களில், சுண்டுவிரலுக்கான பகுதி காலுக்கான பகுதியை நோக்கி நகர்ந்திருந்தது. எவருக்கு நகர்வு அதிகமோ அவருக்கு வலியும் அதிகம்.

இங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. வரைபடம் கலைந்ததால் வலி என்றால், மூளைக்கு மறுபடியும் நடக்கும் கால்களைக் காட்டினால் என்ன?

மாத்திரைகள் எவ்வளவு தூரம்?

கண்ணாடிக்குப் போகும் முன் மாத்திரைகளுக்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். இந்த வலிக்கு இன்றும் முதலில் எழுதப்படுபவை பிரீகபாலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மூன்றும்தான்.

பிரீகபாலினுக்கான முக்கியச் சோதனை ஆஸ்திரேலியாவில் நடந்தது. 137 பேர், 12 வாரங்கள், 2006இல் ‘நியூராலஜி’ இதழில் முடிவு. பத்துக்கு எவ்வளவு வலி என்ற கணக்கில், மருந்து பெற்றவர்களின் சராசரி 6.54இலிருந்து 4.62க்கு இறங்கியது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 6.73இலிருந்து 6.27. வித்தியாசம் உண்மையானதுதான். ஆனால் 4.62 என்பது நிம்மதியான எண் அல்ல. வலி 30 விழுக்காடாவது குறைந்தவர்கள் மருந்துக் குழுவில் 42 விழுக்காடு, போலிக் குழுவில் 16. பாதியாகக் குறைந்தவர்கள் மருந்துக் குழுவில் 22 விழுக்காடு, போலிக் குழுவில் 8. ஆக, மருந்து சாப்பிட்ட ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வலி பாதியானது. மீதி நால்வரில் சிலருக்குச் சற்று ஆறுதல், சிலருக்குத் தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றலும் மட்டுமே மிச்சம். 220 பேரைக் கொண்ட அடுத்த சோதனையும் மருந்துக்குச் சாதகமாகவே வந்தது. 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தண்டுவடக் காய நரம்பு வலிக்கென்றே இதற்கு ஒப்புதல் தந்தது.

அமிட்ரிப்டிலினின் கதை இன்னும் சுவாரசியமானது. 2002இல் 84 பேரிடம் சோதித்தபோது போலி மாத்திரைக்கும் அதற்கும் வேறுபாடே இல்லை. அந்தச் சோதனையில் எல்லா வகை வலியும் கலந்திருந்தது. 2007இல் டயானா ரின்டாலா குழுவினர் நரம்பு வலி உள்ளவர்களை மட்டும் எடுத்து, அமிட்ரிப்டிலினையும் காபாபென்டினையும் ஒப்பிட்டார்கள். மனச்சோர்வு அறிகுறிகள் மிகுந்திருந்தவர்களுக்கு அமிட்ரிப்டிலின் நன்றாக வேலை செய்தது. மனச்சோர்வு குறைவாக இருந்தவர்களிடம் வேறுபாடு தெரியவில்லை. சோதனையை முழுதாக முடித்தவர்கள் 22 பேர்தான் என்பதால் இதை வேதவாக்காக எடுக்க முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. ‘இந்த மருந்து வேலை செய்கிறதா’ என்ற கேள்வியே அரைகுறை. யாருக்கு, எந்த வகை வலிக்கு என்பதைச் சேர்க்காமல் கேட்டால் பதிலும் அரைகுறையாகத்தான் வரும். பார்சலோனா ஆய்வைப் படிக்கும்போதும் இதே கேள்வியைக் கையில் வைத்திருப்பது நல்லது.

பக்கவிளைவுகளிலும் இந்த நோயாளிகளுக்கென்று தனிக் கணக்கு உண்டு. அமிட்ரிப்டிலின் மலச்சிக்கலையும் சிறுநீர்த் தேக்கத்தையும் கூட்டும். இரண்டுமே தண்டுவடக் காயம் பட்டவருக்கு ஏற்கெனவே அன்றாடப் போராட்டம். பொதுமருத்துவர் அவசரத்தில் எழுதிக்கொடுக்கும்போது இது மறந்துபோகிறது.

ஸ்டான்லியிலிருந்து புறப்பட்ட கண்ணாடி

கண்ணாடி யோசனைக்கு வித்திட்டவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். கலிஃபோர்னியாவில் பணியாற்றியபோது, 1990களின் நடுவில், கை இழந்தவர்களின் ‘இல்லாத கை’ வலிக்கு அவர் ஒரு பெட்டியும் கண்ணாடியும் மட்டும் வைத்து வழி தேடினார். இருக்கும் கையின் பிம்பம், இல்லாத கையின் இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால் போன கையும் விரிவதாக மூளை எடுத்துக்கொள்ளும். விரிக்கவே முடியாமல் முறுக்கிக்கொண்டிருந்த கற்பனை முஷ்டி சிலருக்குத் தளர்ந்தது.

தண்டுவடக் காயத்தில் இந்த உத்தி அப்படியே செல்லாது. பிம்பம் காட்ட நல்ல கால் ஒன்று வேண்டும். இங்கே இரண்டு கால்களும் அசையா. இந்தச் சிக்கலை 2007இல் லோரிமர் மோஸ்லி என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் எளிமையாகத் தாண்டினார். கண்ணாடியில் நோயாளியின் மேல் உடம்பு மட்டும் தெரியும். அதற்கு நேர் கீழே, திரையில், டிரெட்மில்லில் நடக்கும் ஒருவரின் இடுப்புக்குக் கீழான பகுதி படமாக ஓடும். இரண்டும் பொருந்தும்படி உட்காரவைத்தால், எதிரே தன் முகமும் தன் தோளும் உள்ள ஆள் நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். நோயாளி அந்த நடைக்கு ஏற்றபடி கைகளை வீசி உடம்பை அசைக்க வேண்டும்.

பங்கேற்றவர்கள் ஐந்தே பேர். ஒவ்வொருவரும் மூன்றையும் செய்தார்கள்: கண்ணாடி நடை, நடப்பதாக இல்லாமல் வேறு இதமான காட்சியை வழிகாட்டுதலோடு கற்பனை செய்வது, ஒரு படம் பார்ப்பது. 100 மில்லிமீட்டர் அளவுகோலில் வலி சராசரியாகக் குறைந்தது இப்படி: கண்ணாடி நடைக்கு 42, கற்பனைக்கு 18, படத்துக்கு 4. குறைந்த வலி பழைய நிலைக்குத் திரும்ப, கண்ணாடி நடைக்குப் பின் ஏறத்தாழ 35 நிமிடங்கள் ஆயின. அடுத்து நான்கு பேர் மூன்று வாரங்கள், வார நாட்கள்தோறும் இதையே பயிற்சியாகச் செய்தார்கள். முடிவில் 53 மில்லிமீட்டர் குறைவு. மூன்று மாதம் கழித்தும் 43.

மலைக்க வைக்கும் எண்கள். ஆனால் அந்த முதல் 42ஐச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அதன் 95 விழுக்காடு நம்பக எல்லை 1.9 முதல் 82.9 வரை. அதாவது உண்மையான பலன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், வலி பறந்தே போவதாகவும் இருக்கலாம். ஐந்து பேரை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது. மோஸ்லி எடுத்துக்கொண்டது காய மட்டத்து வலியை என்பதும் முக்கியம். கட்டுரைத் தலைப்பிலேயே அது இருக்கிறது. பின்னால் எடுத்தாண்ட பலர் இந்தச் சொல்லைக் கைநழுவ விட்டு, ‘தண்டுவட வலிக்குக் கண்ணாடிச் சிகிச்சை’ என்று பொதுப்படையாக எழுதிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டே ஓர் எச்சரிக்கை வந்தது. சிட்னியில் சில்வியா கஸ்டின் குழுவினர், மார்பு மட்டத்தில் முழுக் காயம் பட்டு, அதற்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போனவர்களிடம் தங்கள் வலது கணுக்காலை அசைப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஏற்கெனவே நரம்பு வலி இருந்தவர்களுக்கு அந்தக் கற்பனையே வலியைக் கூட்டியது. கால் நடப்பதைக் கண்ணால் பார்த்தால் வலி குறைகிறது. அசைப்பதாக மனதுக்குள் மட்டும் முயன்றால் கூடுகிறது. இந்த முரணுக்கு ஒரு விளக்கம் சொல்லலாம். கட்டளை அனுப்பிய மூளைக்கு, ‘கால் அசைந்தது’ என்ற மறுசெய்தி வந்தாக வேண்டும். கண்ணாடியில் அது கண் வழியே கிடைக்கிறது. வெறும் கற்பனையில் கிடைப்பதில்லை, பொருத்தமின்மை கூடுகிறது. விளக்கம் அழகாக இருக்கிறது. நிரூபணம் இன்னும் அந்த அளவுக்கு இல்லை. வீட்டிலேயே ‘கால் அசைவதாக நினைத்துக்கொள்’ என்று பயிற்சி கொடுக்கும் அன்பர்கள் இந்த ஆய்வையாவது ஒரு முறை படிக்கலாம்.

பார்சலோனாவில் நடந்தது

இப்போது நம் நிகழ்வுக்கு வருவோம். இடம், பார்சலோனாவை ஒட்டிய பாதலோனாவில் உள்ள குட்மன் நிறுவனம். தண்டுவட மருத்துவத்தின் முன்னோடியும் பாராலிம்பிக் போட்டிகளுக்கு மூலவருமான லுட்விக் குட்மனின் பெயர் தாங்கிய மறுவாழ்வு மருத்துவமனை அது. ஆய்வை நடத்தியவர் டோலர்ஸ் சோலர். மூளை மின்தூண்டலில் பெயர் பெற்ற ஃபெலிப்பே ஃப்ரெக்னியும் அல்வாரோ பாஸ்குவல் லியோனும் உடன் இருந்தார்கள்.

மின்தூண்டல் ஏன் வந்தது? 1991இல் ஜப்பானைச் சேர்ந்த சுபோகாவா, உடல் அசைவுகளை ஆளும் மூளைப் பகுதியான இயக்கப் புறணி மேல் அறுவை சிகிச்சை மூலம் மின்முனை பதித்து, மைய நரம்பு வலியை (மூளை, தண்டுவடச் சேதத்தால் வரும் வலியை) குறைக்க முடிகிறது என்று காட்டியிருந்தார். இயக்கப் புறணியைத் தூண்டினால் அதோடு இணைப்புள்ள தலாமஸின் போக்கும் மாறுகிறது என்பது அதன் அடிப்படை. மண்டையைத் திறக்காமலே இதைச் செய்ய முடியுமா என்ற தேடலில் வந்ததுதான் தலைத்தோலின் மேலிருந்து நேர் மின்னோட்டம் செலுத்தும் முறை. ஃப்ரெக்னி 2006இல் தண்டுவடக் காயம் பட்ட 17 பேரிடம் ஐந்து நாள் சோதித்து, பலன் தெரிவதாக அறிவித்திருந்தார்.

செய்முறை சாதாரணமாகத் தோன்றும். உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சு உறைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரப்பர் மின்முனை, நடுவில் பேட்டரியில் ஓடும் ஒரு சிறு பெட்டி. ஒரு முனை இயக்கப் புறணிக்கு மேலே, வலி அதிகமுள்ள பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில். மற்றொன்று எதிர்ப்புறப் புருவத்துக்கு மேலே. 2 மில்லி ஆம்பியர், 20 நிமிடங்கள். தொடக்கத்தில் தோலில் ஊறல் தெரியும், பிறகு அடங்கிவிடும். போலிச் சிகிச்சையில் அந்த ஊறல் வரும் வரை மட்டும் மின்னோட்டம் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். இந்த அளவு மின்னோட்டத்தால் நரம்பு செல்கள் சட்டென்று துடிப்பை அனுப்பிவிடுவதில்லை. அனுப்புவதற்கான தயார்நிலை மட்டும் கொஞ்சம் மாறுகிறது.

39 பேரும் குலுக்கல் முறையில் நான்கு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு மின்தூண்டலும் நடைக் காட்சியும். ஒன்றுக்கு உண்மையான மின்தூண்டலோடு தொடர்பில்லாத காட்சி. ஒன்றுக்குப் போலி மின்தூண்டலோடு நடைக் காட்சி. நான்காவதற்கு இரண்டுமே போலி. தொடர்பில்லாத காட்சி என்பது முகங்களும் இயற்கைக் காட்சிகளும். இரண்டு வாரங்களில் 10 அமர்வுகள்.

முடிவுகளில் என்னைக் கவர்ந்தது ‘சேர்த்துக் கொடுத்தால் நல்லது’ என்ற தலைப்புச் செய்தி அல்ல, அதற்குள் இருந்த பிரிவினைதான். மின்தூண்டல் மட்டும் பெற்றவர்களுக்கு விடாமல் இருக்கும் வலியும், திடீர் திடீரென்று வெட்டும் வலியும் குறைந்தன. நடைக் காட்சி மட்டும் பார்த்தவர்களுக்கு விடாத வலியும் வேண்டாத கூச்ச உணர்வுகளும் குறைந்தன. வெட்டும் வலி குறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கே எல்லா வகையும் குறைந்தன. ஒரே காலில் இருக்கும் எரிச்சலும் மின்வெட்டும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை, ஒரே வழியில் அடங்குவதும் இல்லை என்பதற்கு இது நல்ல தடயம். மருத்துவமனையில் ‘வலி எத்தனை மார்க்?’ என்று ஒற்றை எண் கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது.

12ஆவது வாரத்தில் ஒற்றைச் சிகிச்சைக் குழுக்கள் இரண்டும் போலிக் குழுவோடு போய்ச் சேர்ந்துவிட்டன. கூட்டுச் சிகிச்சைக் குழுவில் மொத்த வலி இன்னும் குறைந்தே இருந்தது. பக்கவிளைவு என்று பெரிதாக எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. ஒரு குழுவுக்குச் சுமார் 10 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. நடக்கும் கால்களைப் பார்த்தவருக்குத் தான் எதைப் பார்த்தோம் என்பது தெரியாமல் இருக்காது. மின்தூண்டலை மறைப்பது போல அதை மறைக்க வழியில்லை. சிகிச்சையில் நம்பிக்கை வைத்தவருக்கு வலி குறைவது நரம்பு வலி ஆய்வுகளில் பழகிப்போன விஷயம். இதற்கெல்லாம் மேலே, தினமும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இன்று எப்படி இருக்கிறது’ என்று அக்கறையாகக் கேட்டதன் பங்கு எவ்வளவு என்பதும் இருக்கிறது. நான்கு குழுவுக்கும் அந்த அக்கறை சமமாகவே கிடைத்தது என்பதுதான் இந்த ஆய்வின் பலம்.

சிட்னியில் தோற்றது

2013இல் அதே வலி ஆய்வு வட்டாரத்தை உலுக்கியது சிட்னி முடிவு. பால் ரிக்லி குழுவினர் 10 பேருக்கு ஐந்து நாட்கள் உண்மை மின்தூண்டலும், நான்கு வார இடைவெளி விட்டு ஐந்து நாட்கள் போலியும் (சிலருக்கு வரிசை மாற்றி) கொடுத்தார்கள். மின்னோட்டம் அதே 2 மில்லி ஆம்பியர், அதே 20 நிமிடம். பலன் ஏதும் இல்லை. உண்மைக்கும் போலிக்கும் வேறுபாடு தெரியவில்லை.

இதை வைத்து ‘பார்சலோனா பொய்’ என்று சொல்பவர்களை ஏற்க முடியாது. சிட்னியில் நடைக் காட்சி இல்லை. அமர்வுகள் பாதி. எல்லாவற்றுக்கும் மேலாக, பங்கேற்றவர்கள் சராசரியாக 15 ஆண்டுகளுக்கும் மேலாக வலியோடு வாழ்ந்தவர்கள். ஆய்வாளர்களே தலைப்பில் ‘நீண்டகால’ வலி என்று குறித்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஊறிய வலியில் மூளையின் மறுசீரமைப்பு இறுகிப்போயிருக்கலாம், சில நாள் மின்னோட்டத்துக்கு அது அசையாமல் இருக்கலாம் என்பது நியாயமான ஊகம். ஊகம்தான். ஆனால் சிகிச்சையைத் தீர்மானிக்கும் இடத்தில் ‘வலி தொடங்கி எத்தனை வருடம்’ என்ற கேள்வியை முன்னுக்குக் கொண்டுவந்தது சிட்னி தோல்விதான். சிடாலின் ஐந்தாண்டுப் பின்தொடரலிலும், தொடக்கத்திலேயே நரம்பு வலி வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் விட்டுப் போகவில்லை. அப்படியிருக்க, ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று முதல் வருடத்தை வீணடிக்கும் நம் வழக்கத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை.

மருத்துவ வழிகாட்டிகள் என்ன சொல்கின்றன?

2016இல் கனடாவில் உருவான ‘கேன்பெயின்’ வழிகாட்டுதல்கள் இந்த ஆதாரங்களை எல்லாம் எடைபோட்டு வரிசைப்படுத்தின. முதல் வரிசையில் பிரீகபாலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின். இரண்டாவதில் டிரமடால், காயம் முழுமையாக இல்லாதவர்களுக்கு லாமோட்ரிஜின். மூன்றாவதில்தான் தலை மின்தூண்டல், தனியாகவும் நடைக் காட்சியோடு சேர்த்தும். நான்காவதில், சேதமடைந்த நரம்பு வேர் நுழையும் இடத்தைச் சுட்டு அழிக்கும் அறுவை சிகிச்சை போன்றவை. இந்த வரிசையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் இடம் என்பது ‘பயனற்றது’ என்று பொருளல்ல, ‘ஆதாரம் சிறியது’ என்றே பொருள்.

இந்த வரிசையைத் தொடங்கும் முன்னும் ஒரு வேலை இருக்கிறது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், காலில் நகம் உள்வாங்கிப் புண்ணாதல், கடுமையான தசை விறைப்பு – இவற்றில் எது வந்தாலும், அடங்கியிருந்த நரம்பு வலி தலைதூக்கும். கால் எரிகிறது என்று வந்தவரின் பிரீகபாலினைக் கூட்டும் முன் சிறுநீர்ப் பையைப் பார்ப்பது புத்திசாலித்தனம். பல ஆண்டுகள் ஒரே மாதிரி இருந்த வலி திடீரென்று குணம் மாறினாலோ, உணர்வற்ற எல்லை மேல்நோக்கி ஏறினாலோ, கையில் பலவீனம் புதிதாகத் தெரிந்தாலோ, தண்டுவடத்துக்குள் நீர்ப்பை உருவாகிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே கண்ணாடியும் மின்னோட்டமும் நேரத்தை வீணடிக்கும்.

கண்ணாடிச் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டு, சாப்பிடும் மாத்திரையைத் தாமாக நிறுத்துபவர்களும் உண்டு. பிரீகபாலினையும் காபாபென்டினையும் சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை, பதற்றம், வியர்வை, சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். மருத்துவரின் கணக்குப்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பார்சலோனாவிலும் இந்தச் சிகிச்சை மருந்துக்கு மாற்றாகச் சோதிக்கப்படவில்லை.

மறுவாழ்வு மையம் ஒன்று இதை முயல விரும்பினால் கண்ணாடி, திரை, டிரெட்மில்லில் நடக்கும் ஒருவரின் காணொளி ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஆனால் நடைக் காட்சியை மட்டும் கொடுத்தால் 12 வாரத்தில் பலன் போய்விட்டது என்பதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தான் நடப்பது போன்ற காட்சி எல்லோருக்கும் இதமாக இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விபத்து நடந்து சில மாதங்களே ஆனவருக்கு அது வேறு வகையில் வலிக்கலாம். வலியைக் கேட்கும்போது ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், எரிச்சல் எவ்வளவு, வெட்டு எவ்வளவு, தொட்டால் வலி எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்துவைத்தால், எது குறைந்தது என்பது பின்னால் தெரியும்.

ஆராய்ச்சியும் அங்கேயே நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் ஜீனா டிராஸ்ட் குழுவினர் கண்ணாடிக்குப் பதில் மெய்நிகர்த் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டார்கள். 2022இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் கால்களுக்கு முழு முடக்கம் ஏற்பட்ட 27 ஆண்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் கைகளை வீசினால் கவசத்துக்குள் தெரியும் கால்கள் அந்த வீச்சுக்கு ஏற்ப நடக்கும், நிறுத்தினால் நிற்கும். இன்னொரு பிரிவினர் நடையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமே நடத்திய பிரிவினருக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. மோஸ்லியின் கண்ணாடியில் கைவீச்சு காட்சிக்கு ஒத்தாசையாக இருந்தது; இங்கே காட்சியை ஓட்டுவதே கைவீச்சு. கழுத்து மட்டத்தில் காயம் பட்டு, கையும் வீச முடியாதவர்களுக்கு இந்த வடிவத்தில் இடமில்லை. அவர்களுக்கு என்ன செய்வது என்பதே இந்தத் துறை அடுத்துக் கையில் எடுக்க வேண்டிய கேள்வி.